ஃபேனைப் போடாதீங்க!

செருப்பைக் கழற்றும்போதே முதல் உத்தரவு வந்துவிட்டது. “சார், ஃபேன் சுவிட்சுல மட்டும் கை வெச்சிடாதீங்க!”

திருவண்ணாமலை, பேகோபுரம் பக்கம் ஒரு மாடி அறை. மே மாத மதியம். ஜன்னலும் சாத்தியாச்சு. எனக்கோ, கூத்து கட்டுகிற இடத்தில் திரைக்குப் பின்னால் நுழைந்துவிட்ட குஷி. வாங்க, நீங்களும் ஓரமா உட்காருங்க. மூச்சை மட்டும் மெதுவா விடுங்க, தூசு பறக்கும்.

உத்தரவு போட்ட தம்பிக்குத் தொழில் கல்யாண வீடியோ, கிறுக்கு கறுப்பு வெள்ளை. “கேமராவுலயே அதுக்கு செட்டிங் இருக்கே?” என்று கேட்டுத் தொலைத்தேன். மூக்கு விடைத்துவிட்டது. “அது சாயம் போட்டு அப்புறம் வெளுக்கிற வேலை சார். எனக்கு சாயமே ஏறக் கூடாது.”

விஷயம் இதுதான். கேமராவுக்குள் படம் பதிகிற சென்சாரில் கோடிக்கு மேல் குட்டிக் கட்டங்கள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு வண்ண ஃபில்டர். நாலு கட்டத்துக்கு ரெண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். கோடக் கம்பெனியின் பிரைஸ் பேயர் போட்ட கோலம் இது, 1976இல் காப்புரிமை கிடைத்தது. தன் நிறத்தை மட்டும் ஒவ்வொரு கட்டமும் உள்ளே விடும். மற்ற ரெண்டையும் பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்து கேமரா உத்தேசமாகப் போட்டுக்கொள்ளும். கோலத்தை அழித்துவிட்டால் உத்தேசம் கிடையாது. கோலமே போடாத கேமராவை லைக்கா 2012இல் இறக்கியது, விலை லட்சங்களில். தம்பி கையில் இருப்பது செகண்ட் ஹேண்ட் கேனன் 1100டியும், கோலத்தைச் சுரண்டி எடுக்க ஒரு டப்பா பல்குச்சியும்.

மேஜையைப் பார்க்கணுமே! ஆயாவின் இட்லித் தட்டு நடுநாயகமாக இருக்கிறது. குழிக்கு ஒரு வகை ஸ்க்ரூ, கழற்றிய வரிசைப்படி. பக்கத்து டிபன் பாக்ஸில் செத்த சென்சார் ரெண்டு. “இவங்க தியாகிங்க சார்.” சுவரில் ரமணர். பெங்களூர் வெல்லிங் 1946இல் எடுத்தது, இந்த ஊர்க் கடைகளில் எங்கு திரும்பினாலும் தொங்குகிற அதே படம். கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்குக் கோலமும் இல்லை, தொல்லையும் இல்லை.

பேட்டரியைக் கழற்றினாலும் ஃபிளாஷுக்கான கரண்ட் உள்ளே பதுங்கியிருக்குமாம். “மொத தடவ சுர்ருனு இழுத்துச்சு. அண்ணாமலையாரே நேர்ல வந்துட்டாருன்னு நெனச்சேன்!”

சென்சார் மேல் ஒட்டிய கண்ணாடிக்குச் சூடு காட்டி, பசை இளகியதும் பிளேடை நுழைக்கிறான். டிக். வந்துவிட்டது. இப்போதுதான் அசல் பயம். ஓரத்தில் வரிசையாகத் தங்கக் கம்பிகள், தலைமுடியைவிட மெல்லிசு. ஒன்று அறுந்தாலும் மூன்றாவது தியாகி.

பல்குச்சி இறங்குகிறது. தோசைக்கல்லில் ஒட்டியதைச் சுரண்டுவோமே, அந்தப் பொறுமை. ஆனால் கல் தபால்தலை அளவுக்குத்தான். குச்சி போன வழியெல்லாம் நிறம் உரிந்து பளபளவென்று ஒரு தடம். கலரோடு சேர்ந்து ஒவ்வொரு கட்டத்தின் மேலும் இருந்த நுண் லென்ஸும் போகிறது. வெளிச்சத்தைக் குவித்துத் தந்த புண்ணியவான் அவர், இழப்பு இழப்புதான். தம்பி அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

மூக்கு நுனியில் ஒரு வியர்வைச் சொட்டு திரள்கிறது. நேர் கீழே சென்சார். அவனுக்குக் கை ஓயவில்லை, எனக்கு நெஞ்சு அடிக்கிறது. துண்டை எடுத்து, ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் மாதிரி ஒற்றி எடுத்தேன். “தேங்ஸ் சிஸ்டர்” என்றான், நிமிராமலே. சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு!

மூன்று மணி நேரம். கம்பியை ஒட்டிய ஓரங்களை மட்டும் பயந்து விட்டுவிட்டான். எல்லாம் மாட்டி, மொட்டை மாடிக்கு ஓடி, பேகோபுரத்தைப் பார்த்து ஒரு கிளிக். ஸ்கிரீனில் வந்த கோபுரம்... ரோஸ் கலர்! பஞ்சு மிட்டாய் ரோஸ். கோலம் அழிந்த சேதி கேமராவுக்கு இன்னும் தெரியவில்லை. பழைய ஞாபகத்தில் சிவப்பையும் நீலத்தையும் தூக்கிக் காட்டுகிறது.

அடுத்து மோர்ச் சொம்போடு வந்த ஆயாவை ஒரு படம். லேப்டாப்பில், நிறக் கணக்கே போடாமல் திறந்தான். ஆகா! நெற்றிச் சுருக்கம், தோட்டின் கல், மோரின் நுரை, தனித்தனியாக. சுரண்டாத ஓரம் மட்டும் கட்டம் கட்டமாக, சட்டம் போட்டது போல.

ஆயா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“ஏண்டா, காலையிலேருந்து வேர்த்து வடிஞ்சது இதுக்கா? எம் பொடவ மயில் கழுத்துக் கலருடா. அத எங்க?”