உங்களுக்குத் தெரியுமா? – ஓடுவதா, எறிவதா?

அமெரிக்கன் ஃபுட்பாலில் பந்து வைத்திருக்கும் அணிக்குப் பத்து கஜம் முன்னேற நான்கு வாய்ப்பு. ஒவ்வொரு வாய்ப்புக்கும் ‘டவுன்’ என்று பெயர். ஒவ்வொரு டவுனிலும் ஒரே கேள்விதான்: பந்தை ஒருவர் கையில் கொடுத்து ஓடவிடுவதா, முன்னால் நிற்பவருக்குத் தூக்கி எறிவதா? அந்த நாட்டில் திங்கட்கிழமை காலைச் சண்டைகளில் பாதி இதை வைத்துத்தான் நடக்கிறது.

● 1906-க்கு முன்பு பந்தை முன்னோக்கி எறிவதே விதிமீறல். கும்பலாக முட்டி மோதித் தள்ளிக்கொண்டு போவதுதான் ஆட்டம். 1905 சீசனில் இளைஞர்கள் பலர் உயிரிழந்தார்கள். அந்த வருடம் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டே ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேச வேண்டியதாயிற்று. அடுத்த வருடம் விதி மாறியது. 1906 செப்டம்பர் 5 அன்று செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தின் பிராட்பரி ராபின்சன் முதல் சட்டபூர்வ பாஸை எறிந்தார். யார் கையிலும் படாமல் தரையில் விழுந்தது. அன்றைய விதிப்படி அதற்குத் தண்டனை, பந்து எதிரணிக்கு! அதே ஆட்டத்தில் மறுபடி துணிந்து எறிந்தார். ஜாக் ஷ்னைடர் பிடித்தார், டச்டவுன், அதாவது எதிரணிக் கோட்டைத் தாண்டிப் புள்ளி.

● பாஸ் எறிந்தால் மூன்று விஷயங்கள் நடக்கலாம், அதில் இரண்டு கெட்டவை என்று ஒரு பழைய பேச்சு உண்டு. நம்மாள் பிடிக்கலாம், தரையில் விழலாம், எதிராளி பறிக்கலாம். டெக்சஸ் பல்கலைக்கழகக் கோச் டாரல் ராயல் சொன்னது என்பார்கள் சிலர். இல்லை, ஒஹாயோ ஸ்டேட்டின் வுடி ஹேய்ஸ் சொன்னது என்று சத்தியம் செய்வார்கள் வேறு சிலர். இரண்டு பேருமே ஓட்டத்தை நம்பியவர்கள் என்பதால் யார் சொல்லியிருந்தாலும் பொருந்தும்.

இப்போது 1969 டிசம்பர் 6-க்கு வாருங்கள். நாட்டின் கல்லூரி அணிகளில் முதல் இரண்டு இடங்களில் இருந்த டெக்சஸும் ஆர்கன்சாவும் மோதுகின்றன. பார்வையாளர் வரிசையில் ஜனாதிபதி நிக்சன். கடைசிக் கால் பகுதி தொடங்கும்போது ஆர்கன்சா 14-0 முன்னிலை. டெக்சஸ் ஒரு டச்டவுன் போட்டு, கூடுதல் இரண்டு புள்ளியும் எடுத்து 14-8 ஆக்குகிறது. அடுத்து ஆர்கன்சா டெக்சஸின் 7 கஜக் கோடு வரை வந்துவிடுகிறது. மூன்றாவது டவுன். சும்மா ஓடிவிட்டு, கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து மூன்று புள்ளி எடுக்கும் ஃபீல்ட் கோல் போட்டால் 17-8, ஆட்டம் கிட்டத்தட்ட முடிந்த மாதிரி. ஆனால் எறிந்தார்கள். டெக்சஸின் டேனி லெஸ்டர் பறித்துவிட்டார்.

பிறகு ராயலின் முறை. ஐந்து நிமிடம்கூட மிச்சமில்லை. சொந்தப் பாதியில் நான்காவது டவுன், மூன்று கஜம் வேண்டும். அந்த சீசன் முழுக்க ஓடியே எதிரிகளை நசுக்கிய அணி. மூன்று கஜத்துக்கு ஓடத்தானே போகிறார்கள் என்று மைதானமே நினைத்தது. ராயல் நீளமான பாஸ் எறியச் சொன்னார். ஆட்டத்தை நடத்தி பாஸ் எறியும் ‘குவார்ட்டர்பேக்’ ஜேம்ஸ் ஸ்ட்ரீட் எறிய, இரண்டு தடுப்பாளர்களுக்கு நடுவில் ராண்டி பெஷெல் பிடித்தார், 44 கஜம். டெக்சஸ் 15-14 என்று வென்றது. நிக்சன் உடைமாற்றும் அறைக்கே போய்க் கைகுலுக்கினார். அவர் மறுபடி வருவார், பொறுங்கள்.

● 1974 ஜனவரியில் நடந்த 8-ஆவது சூப்பர் பவுலில் (தொழில்முறை லீக்கின் இறுதி ஆட்டம்) மயாமி டால்ஃபின்ஸின் குவார்ட்டர்பேக் பாப் கிரீஸி மொத்தமே 7 பாஸ்தான் எறிந்தார். மற்ற வேலையை லேரி சோன்கா பார்த்துக்கொண்டார்: 33 ஓட்டம், 145 கஜம். மயாமி 24, மினசோட்டா 7. சோன்காவின் பெயரையும் நினைவில் வையுங்கள்.

● ஒரே அணி, இரண்டு கோடி. நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸின் டிரூ பிளெட்சோ 1994 நவம்பர் 13 அன்று மினசோட்டாவுக்கு எதிராக 70 பாஸ் எறிந்தார். 20-0 என்று பின்தங்கியிருந்த அணி கூடுதல் நேரத்தில் 26-20 என்று வென்றது. அதே பேட்ரியாட்ஸ் 2021 டிசம்பர் 6 அன்று பஃபலோவில் சூறைக்காற்றில் ஆடியபோது எறிந்தது மூன்றே மூன்று பாஸ். ஓடியது 46 தடவை. வென்றது 14-10. சமநிலை, சமநிலை என்று பேசுகிறவர்கள் இந்த இரண்டு ஆட்டங்களையும் எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

● “முதலில் ஓட்டத்தை நிலைநாட்டு” என்பது டிவி வர்ணனையாளர்களின் தேவாரம். இன்னார் நூறு கஜம் ஓடிய ஆட்டங்களில் எல்லாம் அணி ஜெயித்திருக்கிறது, பாருங்கள் என்று திரையில் ஒரு பட்டியலும் வரும். பட்டியல் உண்மைதான், காரணம்தான் தலைகீழ். ஓடுகிறவரை மைதானத்துக்குள் மடக்கினால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். பாஸ் தரையில் விழுந்தால் கடிகாரம் நின்றுவிடும். அதனால் முன்னிலையில் இருக்கும் அணி நேரத்தைக் கரைக்க ஓடித் தள்ளுகிறது. பின்தங்கிய அணி வேறு வழியில்லாமல் எறிகிறது. ஓடியதால் ஜெயித்தார்கள் என்பது, பாயசம் பரிமாறியதால்தான் கல்யாணம் நடந்தது என்பது மாதிரி.

2003-இல் ஆரன் ஷாட்ஸ் என்பவர் தொடங்கிய ‘ஃபுட்பால் அவுட்சைடர்ஸ்’ இணையதளம் முதலில் கை வைத்ததே இந்த நம்பிக்கையில்தான். அதற்குப் பின் வந்தவர்கள் இன்னொன்றையும் சோதித்தார்கள். ஓடுவதுபோல் ஏமாற்றிவிட்டு எறியும் ‘பிளே-ஆக்‌ஷன்’ பலிக்க வேண்டுமானால் அதற்கு முன் நிறைய ஓடியிருக்க வேண்டும் என்பது கோச்சுகளின் வாதம். எத்தனை முறை ஓடினார்கள் என்பதற்கும் அது பலிப்பதற்கும் பெரிதாகச் சம்பந்தம் தெரியவில்லை. தடுப்பாளர்கள் புள்ளிவிவரம் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. கண்ணெதிரே பந்து கைமாறுவதுபோல் தெரிந்தால் பாய்ந்துவிடுகிறார்கள்.

● இன்னொரு வேடிக்கை. எறிய நினைத்த குவார்ட்டர்பேக்கை எறிவதற்குள் அமுக்கிவிட்டால் அது ‘சாக்’. இழந்த கஜங்களைத் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். பாஸ் கணக்கில் கழிக்கும். கல்லூரி ஆட்டம் ஓட்டக் கணக்கில் கழிக்கும். ஆக, எறியப் போய் ஏழு முறை அமுங்கிய கல்லூரி அணி மறுநாள் பேப்பரில் ஏழு முறை கூடுதலாக ஓடிய அணியாகிவிடும்!

● கல்லூரிக் கோச் மைக் லீச் சட்டம் படித்தவர். பாதி ஓட்டம், பாதி பாஸ் என்பதைச் சமநிலை என்று அவர் ஒப்புக்கொண்டதே இல்லை. பந்தைத் தொடத் தகுதியுள்ள எல்லார் கைக்கும் அது போய்ச்சேர்ந்தால் அதுதான் சமநிலை என்பது அவர் வாதம். ஓயாமல் எறிந்தே பிழைத்த மனிதர். மற்ற கோச்சுகள் பெரிய அட்டைகளைத் தூக்கிக்கொண்டு நிற்க, இவர் கையில் மடித்த ஒரு சின்னத் தாள்தான் இருந்தது.

● ஆடுகளத்தின் எந்த இடத்தில் பந்து இருந்தால் எத்தனை புள்ளி மதிப்பு என்று முதலில் கணக்குப் போட்டவர்களில் ஒருவர் ஆடிக்கொண்டிருந்த குவார்ட்டர்பேக். பெயர் வர்ஜில் கார்ட்டர். ராபர்ட் மெக்கால் என்ற பேராசிரியருடன் சேர்ந்து 1971-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். இன்றைய கணினிப் புள்ளியியல் எல்லாம் அதன் பேரப்பிள்ளைகள். கார்ட்டருக்குக் கை பலம் குறைவு, தூரம் எறிய வராது. சின்சினாட்டியில் உதவிக் கோச்சாக இருந்த பில் வால்ஷ், அவருக்காகவே குட்டிக் குட்டி பாஸ்களை வைத்து ஓர் ஆட்டமுறையைச் செதுக்கினார். ஓடிக் கிடைக்கும் நான்கைந்து கஜத்தை எறிந்தே எடுப்பது. பிற்காலத்தில் ‘வெஸ்ட் கோஸ்ட்’ பாணி என்று உலகம் கொண்டாடியது அதைத்தான். முதல் சில ஆட்டத்திட்டங்களை வரிசையாக முன்கூட்டியே எழுதிவைத்துக்கொண்டு மைதானத்துக்கு வரும் வழக்கமும் வால்ஷால் பிரபலமானது.

● திட்டத்தைச் சொல்வது யார்? ஒரு காலத்தில் குவார்ட்டர்பேக்கே முடிவெடுப்பார். கிளீவ்லாந்து கோச் பால் பிரவுனுக்கு அது பிடிக்கவில்லை; ஒவ்வொரு டவுனுக்கும் ஓர் ஆளைத் தூதுவிட்டுத் திட்டத்தைச் சொல்லியனுப்பினார். அப்படி ஓடி ஓடித் தூது போனவர்களில் ஒருவரான சக் நோல், பின்னாளில் கோச்சாகி நான்கு சூப்பர் பவுல் வென்றார். 1956-இல் பிரவுன் ஒரு படி மேலே போய் ஹெல்மெட்டுக்குள் ரேடியோ வைத்தார். லீக் உடனே தடைபோட்டது. 1994-இல் அதே ரேடியோவை அதே லீக் அனுமதித்தது. ஆனால் ஒவ்வொரு டவுனையும் தொடங்குவதற்கான கெடுவில் 15 விநாடி மிச்சம் இருக்கும்போது தொடர்பு அறுந்துவிடும். ரேடியோ உள்ள ஹெல்மெட்டில் பச்சைப் புள்ளி இருக்கும், அடுத்த முறை பாருங்கள்.

● 1965-இல் பால்டிமோர் கோல்ட்ஸின் இரண்டு குவார்ட்டர்பேக்குகளும் காயம். ஓடுகிறவரான டாம் மாட்டியை அந்த இடத்தில் நிறுத்தினார்கள். திட்டங்களை மணிக்கட்டுப் பட்டையில் எழுதிக் கட்டிவிட்டார்கள். இன்று பல குவார்ட்டர்பேக்குகளின் கையிலும் இருக்கிறதே, அதேதான்.

● 1971-இல் டல்லாஸ் கோச் டாம் லாண்ட்ரி ஒரு முழு ஆட்டத்துக்கு டவுனுக்கு ஒருவராக இரண்டு குவார்ட்டர்பேக்குகளை மாற்றி மாற்றி அனுப்பினார். தோற்றார். இருவரில் ரோஜர் ஸ்டாபாக்கே போதும் என்று முடிவெடுத்த பிறகு ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் சூப்பர் பவுல் வரை போனார். அங்கே எதிரணி மயாமி. மயாமி கோச் டான் ஷூலாவுக்கு நள்ளிரவு தாண்டி ஒரு போன். நிக்சன்தான்! உங்கள் பால் வார்ஃபீல்டுக்கு இன்ன பாஸ் எறியுங்கள் என்று யோசனை சொன்னார். எறிந்தார்கள், டல்லாஸ் தடுத்துவிட்டது. மயாமிக்கு 24-3 என்று தோல்வி.

● முழங்கால் மடக்கி உட்கார்ந்தாலே ஜெயித்திருக்க வேண்டிய ஆட்டம் ஒன்று. 1978 நவம்பர் 19, நியூயார்க் ஜயன்ட்ஸ் 17-12 முன்னிலை. அரை நிமிடம் பாக்கி, கடிகாரத்தை நிறுத்த எதிரணி பிலடெல்ஃபியாவிடம் டைம்-அவுட் இல்லை. குவார்ட்டர்பேக் ஜோ பிசார்சிக் பந்தோடு தரையில் படுத்தால் முடிந்தது. மேலிருந்து வந்த உத்தரவோ, சோன்காவிடம் கொடுத்து ஓடு என்பது. மயாமியின் அதே சோன்கா. கூடி நின்ற வீரர்கள் வேண்டாம் என்று கெஞ்சினார்கள். முந்தைய வாரம்தான் உத்தரவை மாற்றியதற்காகத் திட்டு வாங்கியிருந்த பிசார்சிக் மாற்றவில்லை. பந்து சோன்காவின் இடுப்பில் பட்டுத் தெறிக்க, பிலடெல்ஃபியாவின் ஹெர்மன் எட்வர்ட்ஸ் துள்ளிய பந்தை அள்ளி 26 கஜம் ஓடி ஆட்டத்தையே பறித்துவிட்டார். உத்தரவு போட்ட உதவிக் கோச்சுக்கு மறுநாளே வேலை போயிற்று. ஓட்டம்தான் பாதுகாப்பு என்பவர்களுக்கு இந்த ஆட்டத்தைப் போட்டுக் காட்டலாம்.

● 2015 பிப்ரவரி 1, 49-ஆவது சூப்பர் பவுல். பேட்ரியாட்ஸ் 28, சியாட்டில் 24. சியாட்டிலுக்கு இன்னும் ஒரே ஒரு கஜம். இரண்டாவது டவுன், 26 விநாடி, கையில் ஒரு டைம்-அவுட். முந்தைய டவுனில்தான் மார்ஷான் லிஞ்ச் நான்கு கஜம் இடித்துத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். அவரிடம் கொடுக்கவில்லை. குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சன் உள்பக்கமாக எறிந்தார். பிடிக்க வந்த ரிக்கார்டோ லாக்கெட்டுக்கு முன்னால் பாய்ந்து பேட்ரியாட்ஸின் மால்கம் பட்லர் பறித்தார். கல்லூரி வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் யாருமே சீண்டாத புதுமுகம், என்.எஃப்.எல்.-இல் அவர் பறித்த முதல் பந்தே அதுதான்.

சூப்பர் பவுல் சரித்திரத்திலேயே மகா முட்டாள்தனம் என்று ஊரே திட்டியது. கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். மூன்று டவுன், ஒரு டைம்-அவுட். ஓடி மாட்டிக்கொண்டால் டைம்-அவுட் காலி. அடுத்ததிலும் ஓடி மாட்டினால் கடைசி டவுனுக்கு நேரம் இருக்குமா என்பதே சந்தேகம். எறிந்து தவறினால் கடிகாரம் இலவசமாக நிற்கும். மூன்றையும் பயன்படுத்த வேண்டுமானால் ஒன்றையாவது எறிந்தாக வேண்டும். அந்த சீசனில் அதுவரை ஒரு கஜத்திலிருந்து எறிந்த எந்த பாஸும் பறிபோனதில்லை. லிஞ்சோ அதே தூரத்தில் ஐந்து முறை ஓடி ஒரு முறைதான் எட்டியிருந்தார். எறிந்தது தப்பில்லை என்பதுதான் என் கட்சி. ஆனால் ஆள் நெரிசலான நடுப்பக்கமா எறிவது? ஓரமாக, நம்மாள் பிடித்தால் உண்டு, இல்லையென்றால் வெளியே என்கிற மாதிரி எறிந்திருக்கலாம். தவிர, பட்லருக்குப் பயிற்சியில் இதே திட்டத்தைப் போட்டுக் காட்டியிருந்தார்கள். அன்று ஏமாந்தவர், இன்று ஏமாறவில்லை. அவர் வழியை மறிக்க வந்த சியாட்டில் வீரரை பேட்ரியாட்ஸின் பிராண்டன் பிரௌனர் கோட்டிலேயே பிடித்து நிறுத்திவிட்டதும் சேர்ந்துகொண்டது.

● அதற்கு 56 வருடம் முன்பு கிட்டத்தட்ட இதே துணிச்சல். 1958 சாம்பியன்ஷிப், கூடுதல் நேரம். பால்டிமோர் சும்மா ஒரு ஃபீல்ட் கோல் உதைத்தாலே ஜெயம். குவார்ட்டர்பேக் ஜானி யுனைட்டஸ் தானாகவே முடிவெடுத்து ஓரத்தில் ஜிம் மட்ஷெல்லருக்கு எறிந்தார். ஒரு கஜக் கோட்டருகே பிடித்தார். அடுத்த ஓட்டத்தில் ஆலன் அமீச்சி உள்ளே. பறிபோயிருந்தால் என்று நிருபர்கள் கேட்க, செய்வது என்னவென்று தெரிந்தவன் பந்து பறிபோகாது என்கிற தோரணையில் பதில் வந்தது. யுனைட்டஸை யாரும் முட்டாள் என்று திட்டியதாகக் கேள்வி இல்லை.

● ‘ஃப்ரீக்கனாமிக்ஸ்’ புகழ் ஸ்டீவன் லெவிட், கென்னத் கோவாஷ் என்பவருடன் சேர்ந்து 2009-இல் என்.எஃப்.எல். ஆட்டங்களைத் துருவினார். இரண்டு முடிவு. ஒன்று, எறிய வேண்டிய அளவுக்கு அணிகள் எறிவதில்லை. இரண்டாவதுதான் ருசியானது: ஓடினால் அடுத்தது எறிவது, எறிந்தால் அடுத்தது ஓடுவது என்று தேவைக்கு மேல் மாற்றி மாற்றி ஆடுகிறார்கள், முக்கியமாக முந்தையது சொதப்பியிருந்தால். எதிராளி ஊகிக்கக் கூடாது என்று மாற்றுகிறார்கள். மாற்றுவார்கள் என்பதையே ஊகித்துவிடலாம்!

● 1986 சூப்பர் பவுலில் சிகாகோ பேர்ஸ் கோச் மைக் டிட்கா, ‘ஃபிரிட்ஜ்’ என்று பெயரெடுத்த, 140 கிலோவைத் தாண்டிய தடுப்பாளர் வில்லியம் பெரியைப் பந்தை எறியவே சொன்னார். எறிவதற்குள் அமுக்கிவிட்டார்கள். பிறகு ஒரு கஜத்திலிருந்து அவரையே ஓடவிட்டார், டச்டவுன். சிகாகோ 46-10. அணியின் ஆகப் பெரிய ஓட்டக்காரர் வால்டர் பேட்டனுக்கு அன்று ஒரு டச்டவுன்கூட இல்லை. அவர் ஆடிய ஒரே சூப்பர் பவுல் அது. பந்தை அவரிடம் கொடுத்திருக்க வேண்டும் என்று டிட்கா பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்.