டொயோட்டா கார்களின் நம்பகத்தன்மை: பெயரும் உரிமையாளர் அனுபவமும்

எளிதில் பழுதாகாத கார் எது என்று கேட்டால், பல நாடுகளில் மக்கள் முதலில் சொல்லும் பெயர்களில் ஒன்று டொயோட்டா. 1937ஆம் ஆண்டு ஜப்பானில் தொடங்கப்பட்ட இந்நிறுவனத்தின் கார்களுக்கு, இந்த நற்பெயரின் காரணமாகவே பழைய கார் சந்தையில் கூடுதல் விலை கிடைக்கிறது. அந்தக் கூடுதல் விலையைத் தருபவர் பெரும்பாலும் பல ஆண்டுச் சேமிப்பையோ வங்கிக் கடனையோ கொண்டு கார் வாங்குபவர். ஆகவே, நிறுவனத்தின் பெயரும் உரிமையாளர்களின் உண்மையான அனுபவமும் எவ்வளவு தூரம் பொருந்துகின்றன என்பது பணம் சார்ந்த கேள்வி; சில வேளைகளில் உயிர் சார்ந்த கேள்வியும் கூட. சுருக்கமான விடை இது: சராசரி அளவில் பெயர் பெரும்பாலும் உண்மையே, ஆனால் எல்லா மாடல்களுக்கும், எல்லா ஆண்டுத் தயாரிப்புகளுக்கும் அது பொருந்துவதில்லை.

நற்பெயர் உருவான விதம்

இந்தப் பெயர் தொடக்கத்திலிருந்தே இருந்ததன்று. 1957இல் டொயோட்டா தன் 'கிரௌன்' காரை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றது. ஜப்பானின் அன்றைய குறுகிய சாலைகளுக்காக வடிவமைக்கப்பட்ட அந்தக் கார், அமெரிக்க நெடுஞ்சாலைகளின் வேகத்தைத் தாங்கவில்லை. என்ஜின் சூடேறியது, வண்டி அதிர்ந்தது. சில ஆண்டுகளிலேயே அதன் விற்பனை அங்கு நிறுத்தப்பட்டது.

பின்னர் வந்த முன்னேற்றத்துக்கு அடிப்படை அந்நிறுவனத்தின் உற்பத்தி முறை. நிறுவனரின் தந்தை சகிச்சி டொயோடா ஒரு தானியங்கி நெசவுத் தறியை உருவாக்கியவர். நூல் அறுந்தவுடன் அத்தறி தானாகவே நின்றுவிடும்; குறையுள்ள துணி மேலும் மேலும் நெய்யப்படாது. இதே கருத்து கார் தொழிற்சாலைக்கும் வந்தது. குறையைக் காணும் தொழிலாளி ஒரு கயிற்றை இழுத்து உதவி கேட்கலாம்; உடனே சரிசெய்ய இயலாவிட்டால் உற்பத்தி வரிசையே நிற்கும். குறையைக் கடைசியில் தேடாமல், தோன்றும் இடத்திலேயே நீக்குவது இதன் நோக்கம். 1965இல் தரக் கட்டுப்பாட்டுக்கான டெமிங் பரிசு டொயோட்டாவுக்குக் கிடைத்தது.

குறையை நிறுவனம் எவ்வாறு கையாள்கிறது என்பதும் பெயரை வளர்த்தது. 1989இல் 'லெக்ஸஸ்' என்ற உயர்விலைப் பிரிவைத் தொடங்கிய சில மாதங்களிலேயே, ஏறத்தாழ 8,000 கார்களைப் பழுதுநீக்கத்துக்காகத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. விற்பனையாளர்கள் உரிமையாளர்களின் வீட்டுக்கே ஆள் அனுப்பிக் கார்களை எடுத்துச் சென்று, பழுது நீக்கி, கழுவித் திருப்பித் தந்தனர். குறை இருந்தும், வாங்கியவர்களின் நினைவில் நின்றது நல்ல அனுபவமே. பழுதே வராததால் கிடைக்கும் பெயரும், வந்த பழுதை நன்றாகக் கவனிப்பதால் கிடைக்கும் பெயரும் பிற்காலத்தில் ஒன்றாகவே எண்ணப்படுகின்றன.

ஆய்வுகள் அளப்பது என்ன?

நம்பகத்தன்மையை அளக்கப் பல முறைகள் உள்ளன. ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்வியைக் கேட்கிறது.

அமெரிக்காவின் ஜே.டி. பவர் நிறுவனம், மூன்று ஆண்டு பழைய கார்களின் முதல் உரிமையாளர்களிடம் கேட்டு, 100 கார்களுக்கு எத்தனை குறைகள் என்று கணக்கிடுகிறது. அதன் 2024ஆம் ஆண்டு ஆய்வில் எல்லா நிறுவனங்களுக்குமான சராசரி 190 குறைகள். லெக்ஸஸ் 135, டொயோட்டா 147 என முன்னணியில் இருந்தன. எண்ணிக்கை குறைவாக இருப்பதே சிறப்பு என்பதால், நற்பெயருக்கு இங்கே சான்று உண்டு.

ஆனால் இதே எண்களை ஒரு காருக்கு என்று மாற்றிப் பார்க்க வேண்டும். சராசரிக் காருக்கு 1.9 குறைகள், டொயோட்டா காருக்கு ஏறத்தாழ 1.5 குறைகள். இடைவெளி அரைக் குறைக்கும் சற்றுக் குறைவு. ஆயிரக்கணக்கான கார்களைச் சேர்த்துப் பார்க்கும்போது இது தெளிவான வேறுபாடு. ஒரே ஒரு காரை வைத்திருக்கும் குடும்பத்துக்கு இது தெரியாமலே போகலாம். சராசரியைவிடச் சிறந்த நிறுவனத்தின் காரே ஒருவருக்குத் தொல்லை தரலாம். பட்டியலில் கீழே உள்ள நிறுவனத்தின் கார் அவருடைய அண்டைவீட்டாருக்குக் குறையின்றி ஓடலாம். இரண்டு அனுபவங்களும் உண்மையே. இரண்டுமே ஆய்வைப் பொய்யாக்குவதில்லை.

மேலும், 'குறை' என்ற ஒரே சொல்லுக்குள் பலவும் அடங்கிவிடுகின்றன. கைபேசி காரின் திரையோடு இணையாததும் ஒரு குறை; கியர்பெட்டி உடைந்துபோவதும் ஒரு குறை. அண்மைக்கால ஆய்வுகளில் மிகுதியாகச் சொல்லப்படுபவை திரை, ஒலி, இணைப்பு தொடர்பானவை. ஜெர்மனியின் ஏ.டி.ஏ.சி. என்ற வாகன உரிமையாளர் சங்கமோ, சாலையில் நின்றுபோன வண்டிகளுக்கு உதவச் சென்ற பதிவுகளைக் கொண்டு கணக்கிடுகிறது. அதில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேற்பட்ட அழைப்புகளுக்குக் காரணம் பேட்டரி. ஒரு கணக்கில் பெரிதாகத் தெரிவது மற்றொன்றில் தெரிவதேயில்லை.

பெயரை மட்டும் நம்பியதால் நேர்ந்த பிழை

அமெரிக்க நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ், தன் உறுப்பினர்களிடம் ஆண்டுதோறும் கேட்டுக் கார்களைத் தரப்படுத்துகிறது. டொயோட்டாவின் முந்தைய சாதனையை நம்பி, அதன் புதிய மாடல்களைப் போதிய தரவு வருவதற்கு முன்பே பரிந்துரைக்கும் வழக்கம் அதற்கு இருந்தது. 2007இல் கேம்ரி காரின் வி6 என்ஜின் வகை உள்ளிட்ட சில டொயோட்டா வண்டிகள் சராசரிக்கும் கீழே வந்தன. அதன் பிறகு அவ்வழக்கத்தைக் கைவிடுவதாக அந்த அமைப்பு அறிவித்தது. சோதித்துப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட அமைப்பு கூட, மாடலைப் பார்க்காமல் பெயரைப் பார்த்துவிட்டது என்பது இதில் கவனிக்கத்தக்கது.

பெயருக்கு மாறான அனுபவங்கள்

டொயோட்டா உரிமையாளர்களில் சிலர் பெரிய பழுதுகளைச் சந்தித்துள்ளனர். அவற்றுள் முக்கியமானவை:

என்ஜின் ஆயில் கெட்டியாதல்: 1997 முதல் 2002 வரையான சில மாடல்களில் என்ஜின் ஆயில் கூழ்போலக் கெட்டியாகி என்ஜின் கெட்டது. உரிமையாளர்கள் உரிய காலத்தில் ஆயில் மாற்றாததே காரணம் என்று முதலில் விளக்கம் தரப்பட்டது. எனினும் 2002இல் அந்த என்ஜின்களுக்கான உத்தரவாதம் 8 ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது.

சட்டகம் துருப்பிடித்தல்: பனி உருகச் சாலையில் உப்புத் தூவும் அமெரிக்கப் பகுதிகளில், 1995 முதல் 2000 வரையான 'டகோமா' வண்டிகளின் அடிச்சட்டகம் துருவேறி ஓட்டை விழுந்தது. 2008இல் டொயோட்டா இதற்கு 15 ஆண்டு உத்தரவாதம் அளித்து, மிகவும் பழுதான வண்டிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டது. மூன்று ஆண்டு பழைய கார்களைப் பற்றிக் கேட்கும் ஆய்வில், பத்து ஆண்டில் வெளிப்படும் துரு தெரிந்திருக்க வழியில்லை.

தானாக வேகமெடுத்தல்: 2009, 2010ஆம் ஆண்டுகளில் தரைவிரிப்பில் ஆக்சிலரேட்டர் மிதி சிக்கிக்கொள்வது, மிதியே ஒட்டிக்கொள்வது ஆகிய குறைகளுக்காகப் பல லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. உயிரிழப்புகளும் நேர்ந்திருந்தன. 2010 பிப்ரவரியில் நிறுவனத் தலைவர் அகியோ டொயோடா அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் தோன்றி, நிறுவனம் வளர்ந்த வேகம் அளவுக்கு மீறியிருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். மின்னணுக் கோளாறு காரணமா என்று நாசா பொறியாளர்கள் ஆராய்ந்தனர். அதற்குச் சான்று இல்லை என்று 2011இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் பாதுகாப்புக் குறைகள் பற்றி மக்களுக்குத் தவறான தகவல் தந்ததற்காக 2014இல் டொயோட்டா 120 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது.

புதிய என்ஜின்: 2024இல், 2022 மற்றும் 2023ஆம் ஆண்டு 'டண்ட்ரா' உள்ளிட்ட ஏறத்தாழ ஒரு லட்சம் வண்டிகள் அமெரிக்காவில் திரும்ப அழைக்கப்பட்டன. என்ஜின் தயாரிப்பின்போது உலோகத் துகள்கள் உள்ளே தங்கியிருக்கலாம் என்பது காரணம். புதிதாக வடிவமைக்கப்பட்ட என்ஜினில் இது நேர்ந்தது. பழைய என்ஜின் பல ஆண்டுகளில் ஈட்டிய பெயரைப் புதிய என்ஜின் முதல் நாளிலேயே பெற்றுவிடுகிறது. ஆனால் அதன் தரம் இனிமேல்தான் தெரிய வேண்டும்.

ஒரே கார், இரண்டு பெயர்கள்

பெயரின் மதிப்பைத் தனியே பிரித்துக் காட்டும் நிகழ்வு ஒன்று உண்டு. டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து 1984இல் கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரில் 'நும்மி' என்ற தொழிற்சாலையை நடத்தத் தொடங்கின. டொயோட்டாவின் கொரோலாவும், ஜெனரல் மோட்டார்ஸ் விற்ற 'பிரிஸ்ம்' காரும் அங்கே ஒரே தொழிலாளர்களால் செய்யப்பட்டன. அடிப்படை வடிவமைப்பும் என்ஜினும் ஒன்றே; வெளித்தோற்றத்திலும் பெயரிலும்தான் வேறுபாடு. ஆயினும் பிரிஸ்ம் காரின் மறுவிற்பனை மதிப்பு கொரோலாவைவிட விரைவாகக் குறைந்தது. பழைய கொரோலா வாங்கியவர் தந்த கூடுதல் தொகையில் ஒரு பங்கு பெயருக்கே போயிற்று. விவரம் அறிந்து பிரிஸ்ம் வாங்கியவருக்கு அதே தரம் குறைந்த விலையில் கிடைத்தது.

இந்தியாவிலும் இதற்கு இணையான எடுத்துக்காட்டு உண்டு. 2019இல் டொயோட்டா பெயரில் வந்த 'கிளான்சா', அடிப்படையில் மாருதி சுசூகியின் பலேனோ கார்தான். இங்கே தயாரிப்பு சுசூகியுடையது, பெயர் டொயோட்டாவுடையது. அறிமுகமானபோது கிளான்சாவுக்கு 3 ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டர் உத்தரவாதம் இருந்தது. பலேனோவுக்கு 2 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர். எனவே வேறுபாடு காரின் உறுதியில் இல்லை. உத்தரவாதத்திலும் சேவையிலும் இருந்தது.

பெயரும் அனுபவமும் விலகுவது ஏன்?

முதலாவது, கால இடைவெளி. இன்றைய பெயர், பத்து அல்லது இருபது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட கார்களால் வந்தது. இன்று கடையில் நிற்கும் காரின் தரம் இன்னும் பத்து ஆண்டு கழித்தே பெயரில் தெரியும். தரம் உயர்ந்த நிறுவனத்தின் கெட்ட பெயரும் இதே காரணத்தால் மெதுவாகவே மறைகிறது.

இரண்டாவது, கண்ணில் படுபவை மட்டுமே கணக்கில் வருகின்றன. மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய வாடகை இன்னோவாவை எல்லோரும் சுட்டிக்காட்டுவர். பாதியில் கெட்டுக் காயலான் கடைக்குப் போன வண்டி சாலையில் இல்லாததால் அதைப் பற்றிப் பேச்சு எழுவதில்லை.

மூன்றாவது, பராமரிப்பு. நம்பகமானது என்று கருதி வாங்கிய காரைச் சிலர் உரிய காலத்தில் சர்வீஸ் செய்து, நீண்ட நாள் காக்கின்றனர். அதனால் பெயர் மேலும் வளர்கிறது. வேறு சிலர், இது கெடாத கார் என்ற எண்ணத்தில் ஆயில் மாற்றுவதையே தள்ளிப்போடுகின்றனர்.

நான்காவது, எதிர்பார்ப்பு. ஒரே பழுது வந்தாலும், நற்பெயர் உள்ள காரில் அது தற்செயலானது என்றும், பெயர் கெட்ட காரில் அது வழக்கமானது என்றும் சொல்லப்படுகிறது. அதே வேளையில், கூடுதல் விலை தந்தவருக்கு ஏமாற்றமும் கூடுதலாக இருக்கும்.

வாங்குபவர் பார்க்க வேண்டியவை

நிறுவனத்தின் பெயர் தேடலைத் தொடங்குவதற்கு நல்ல இடம். அதன் பிறகு மாடல், தயாரிப்பு ஆண்டு, என்ஜின், கியர்பெட்டி வகை ஆகியவற்றைத் தனித்தனியே கேட்டறிய வேண்டும். புதிய வடிவமைப்பாக இருந்தால் ஓரிரு ஆண்டுகள் பொறுத்திருப்பது நல்லது. திரும்ப அழைக்கப்பட்ட மாடலாக இருந்தால், அந்தக் குறிப்பிட்ட வண்டியில் பழுது நீக்கப்பட்டதா என்பதை அதன் அடிச்சட்டக எண்ணைக் கொண்டு நிறுவனச் சேவை நிலையத்தில் உறுதி செய்யலாம்.

பழைய கார் வாங்கும்போது சர்வீஸ் பதிவேடும், நம்பிக்கையான மெக்கானிக் ஒருவர் வண்டியைத் தூக்கி அடிப்பகுதியைப் பார்த்துச் சொல்வதும், முகப்பில் உள்ள சின்னத்தைவிட அதிகம் உதவும். அடிச்சட்டகம் துருவேறிய டகோமா வண்டிகளின் முகப்பிலும் டொயோட்டாவின் சின்னமே இருந்தது.