சம்பளப் பட்டியல் எழுதவும் ஒரு சான்றிதழ்

எனது சகோதரியின் மகன் அமெரிக்காவில், நியூ ஜேர்ஸி மாநிலத்தில் வேலை செய்கிறார். என்ன வேலை என்று யாராவது கேட்டால் "கணக்கு வேலை" என்று சொல்லிச் சமாளிப்பதுதான் எனது வழக்கம். 2025 டிசம்பரில் அவர் லீவில் வந்திருந்தபோதுதான் சரியாக விசாரித்தேன். உணவுப் பொருட்களை விநியோகிக்கும் ஒரு கம்பனியில் சம்பளப் பட்டியல் தயாரிப்பதுதான் அவருடைய முழுநேர வேலையாம். அதற்கென்றே பரீட்சை எழுதிச் சான்றிதழ் பெற்று, அது கைநழுவிப் போகாமல் வருடா வருடம் படித்துக் கொண்டும் இருக்கிறாராம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "என்ன மகன், சம்பளம் எழுத ஒரு சான்றிதழா? நம்மட கடையில மாசக் கடைசியில அரை மணித்தியாலத்து வேலை அது" என்றேன்.

"ஒரு கணக்குத் தாறேன் மாமா, செஞ்சு பாருங்க" என்று ஒரு கடதாசியை எடுத்தார்.

ஒரு தொழிலாளிக்கு மணித்தியாலத்துக்கு 10 டொலர் கூலி. அந்த வாரம் 48 மணித்தியாலம் வேலை செய்திருக்கிறார். இவ்வளவு வேலை முடித்தால் போனஸ் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தபடி 48 டொலரும் அவருக்குச் சேர வேண்டும். அமெரிக்கச் சட்டப்படி வாரத்தில் 40 மணித்தியாலத்துக்கு மேற்பட்ட வேலைக்கு ஒன்றரை மடங்கு. மொத்தம் எவ்வளவு?

முப்பது வருடம் கல்லாவில் உட்கார்ந்தவன் நான். உடனே சொன்னேன்: நாற்பதுக்கு 400, மீதி எட்டுக்கு 15 டொலர் வீதம் 120, போனஸ் 48, ஆக 568.

பிழை என்றார். அவர்களுடைய 1938ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வாக்களித்த போனஸும் கூலியின் ஒரு பகுதிதான். எனவே 480ஐயும் 48ஐயும் கூட்டி, வரும் 528ஐ 48ஆல் வகுக்க வேண்டும். உண்மையான மணித்தியாலக் கூலி 11 டொலர். மேலதிகமான எட்டு மணித்தியாலத்துக்கு அதில் பாதி, அதாவது 5.50 வீதம் 44 டொலர் சேர வேண்டும். மொத்தம் 572.

வித்தியாசம் நான்கே நான்கு டொலர். ஆனால் ஐம்பது தொழிலாளர்களுக்கு, ஒவ்வொரு வாரமும், இரண்டு வருடம் இப்படிப் போனால் 20,800 டொலர். விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனால் நிலுவையோடு அதே அளவு தொகையை நட்டஈடாகவும் கட்ட நேரிடலாம். வேண்டுமென்றே செய்தது என்று நிரூபணமானால் மூன்று வருடம் பின்னோக்கிப் பார்ப்பார்கள். தெரியாமல் விட்ட நான்கு டொலருக்காக 41,600 டொலர்! அதன் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் வைத்திருக்கும் சான்றிதழுக்கு சீ.பீ.பீ. என்று பெயர். 1982இல் தொடங்கிய அமெரிக்கன் பேரோல் அசோசியேஷன் என்ற சங்கம் அதை வழங்குகிறது. 2023 முதல் அந்தச் சங்கம் பேரோல்ஆர்க் என்ற பெயரில் இயங்குகிறது. சங்கத்தில் இரண்டு படிகள் உள்ளன. எப்.பீ.சீ. என்ற ஆரம்பப் பரீட்சைக்கு அனுபவம் தேவையில்லை. வேலையில் புதிதாகச் சேர்ந்தவரும், சேர விரும்புகிறவரும் எழுதலாம். சீ.பீ.பீ. அப்படியல்ல. கடந்த ஐந்து வருடத்தில் மூன்று வருடமாவது சம்பள வேலை செய்திருக்க வேண்டும் என்பது அதற்கு விண்ணப்பிக்கும் பொதுவான வழி. நான்கு மணித்தியாலத்தில் 190 கேள்விகள். கூலிக் கணக்கு, வரி, பிடித்தம், பதிவேடுகளை வைத்திருக்கும் முறை, கணக்காய்வு, கணக்கியல் என்று எல்லாவற்றையும் தொட்டுச் செல்லும். அவர் வேலை முடிந்து வந்து, பிள்ளைகள் தூங்கிய பின் குசினி மேசையில் உட்கார்ந்து மாதக்கணக்கில் படித்தாராம்.

இது வரைக்கும் எந்தப் பரீட்சைக்கும் உள்ள கதைதான். என்னைக் கவர்ந்தது அதற்குப் பிறகு சொன்னது. அந்தச் சான்றிதழை வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டு மறந்துவிட முடியாது. ஐந்து வருடத்தில் அது காலாவதியாகிவிடும். அதற்குள் 120 மணித்தியாலம் சம்பளத் துறை சார்ந்த வகுப்புகள், கருத்தரங்குகள் என்று படித்ததற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். இல்லையென்றால் மறுபடியும் பரீட்சைக்கு உட்கார வேண்டும். சராசரியாக வருடத்துக்கு 24 மணித்தியாலம். நமது ஆள் நான்கு வருடம் கழிந்தபோது 70 மணித்தியாலம்தான் சேர்த்திருந்தாராம். மீதி 50ஐயும் கடைசி ஒரே வருடத்தில் ஓடி ஓடிச் சேர்த்திருக்கிறார். "அந்தப் பரீட்சைக்கு இன்னொருக்கா உட்கார ஏலாது மாமா" என்றார்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? சட்டம் நிற்பதில்லை என்பதுதான் காரணம். சமூகப் பாதுகாப்பு வரி என்று அங்கே சம்பளத்தில் பிடிப்பதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 2025இல் அது 176,100 டொலர், 2026இல் 184,500 டொலர். ஐந்து வருடத்துக்கு முன் பரீட்சையில் சித்தியடைந்தவர் அதற்குப் பிறகு எதையும் படிக்கவில்லை என்றால், அவருக்குத் தெரிந்த இலக்கங்களில் பல இன்றைக்குப் பிழை.

இப்போது நம் பக்கம் வருகிறேன். அந்த அமெரிக்கச் சான்றிதழை இங்கே கொண்டு வந்து பிரயோசனமில்லை, சட்டமே வேறு. ஆனால் சம்பள வேலை தெரியாமல் நஷ்டப்படுவது நமக்கும் பொதுவானது. இதை வேறு யாரையும் குறை சொல்வதற்காக எழுதவில்லை, நானே பட்ட அடி இது.

2018இல் என்னிடமிருந்து விலகிப்போன ஒரு விற்பனையாளர் தொழில் காரியாலயத்தில் முறைப்பாடு செய்தார். அவருக்கு அடிப்படைச் சம்பளம் 20,000, வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு 8,000. எங்களுடைய கணக்கப்பிள்ளை நல்ல மனிதர், ஒரு சதம் எடுக்கமாட்டார். ஆனால் ஊழியர் சேமலாப நிதியை அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும்தான் கணக்குப் பார்த்து வந்தார். அவருக்கு முன்னிருந்தவர் அப்படிச் செய்தார், இவரும் அப்படியே செய்தார். நானும் கையெழுத்து வைத்தேன். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் உழைப்பு என்பதற்குள் வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவும் வரும், விற்பனைத் தரகும் வரும், நாம் கொடுக்கும் சாப்பாட்டின் பணப் பெறுமதியும் வரும். மேலதிக நேரக் கொடுப்பனவு வராது. கடைப் பிள்ளைகளுக்கு மூன்று வேளையும் சாப்பாடு கொடுக்கும் நம்மவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

விடுபட்ட 8,000 ரூபாவுக்கு எனது 12 சதவீதம், ஊழியரின் 8 சதவீதம், அதோடு ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம். மாதத்துக்கு 1,840 ரூபா. நான்கு வருடத்துக்கு 88,320. ஒருவருக்கு இவ்வளவு, அப்படி ஆறு பேர். ஊழியரின் பங்கை உரிய நேரத்தில் பிடிக்காததால் அதையும் என் கையிலிருந்தே கட்டினேன். இதற்கு மேல் பிந்திக் கட்டுவதற்கான மிகைக் கட்டணம். சேமலாப நிதியில் அது 5 சதவீதத்தில் தொடங்கி, ஒரு வருடத்துக்கு மேற்பட்ட நிலுவைக்கு 50 சதவீதம் வரை ஏறும். அந்த வருடப் பெருநாளைக்கு வீட்டில் யாருக்கும் பெரிதாக உடுப்பு எடுக்கவில்லை.

நமது நாட்டிலும் இலக்கங்கள் மாறிக்கொண்டேதான் இருக்கின்றன. உழைக்கும்போது செலுத்தும் வரி 2020 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. அந்த ஏப்ரலில் ஊழியர் விரும்பினால் பிடிக்கலாம் என்று முற்பண வருமான வரி வந்தது. 2023 ஜனவரியில் அதுவே கட்டாயமானது. அப்போது மாதம் 100,000 ரூபாவுக்கு மேல் வரி, 2025 ஏப்ரல் முதல் 150,000க்கு மேல். தேசிய குறைந்தபட்ச சம்பளம் 2016இல் 10,000 ரூபாவாக இருந்தது. 2025 ஏப்ரலில் 27,000 ஆனது, 2026 ஜனவரியில் 30,000. முன்னால் கடையும் பின்னால் சம்பளச் சபையின் கீழ் வரும் ஒரு தொழிற்கூடமும் வைத்திருப்பவருக்கு இன்னொரு தலையிடி. கடை ஊழியரின் மாதச் சம்பளத்தை 240ஆல் வகுத்து மணித்தியாலக் கூலி பார்க்க வேண்டும். சம்பளச் சபைத் தொழில்கள் பலவற்றில் 200ஆல் வகுக்க வேண்டும். 36,000 ரூபா சம்பளக்காரருக்கு மேலதிக நேரம் ஒரு பக்கம் 225 ரூபா, மறு பக்கம் 270 ரூபா. ஒரே கூரை, ஒரே முதலாளி, இரண்டு கணக்கு.

இதைப் பற்றி எனது நண்பர்களிடம் பேசினால் ஒரே பதில்தான் வரும்: "படிப்பிச்சு விட்டா மற்றக் கம்பனிக்குப் போயிடுவாங்க." போகத்தான் போவார்கள், அதில் பொய்யில்லை. மருமகனிடம் இதைக் கேட்டேன். அவருடைய கம்பனி பரீட்சைக் கட்டணத்தையும் வகுப்புக் கட்டணத்தையும் கொடுத்தது. ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்கியது. சித்தியடைந்ததும் சம்பளத்தைக் கூட்டியது. அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். படிக்காத கணக்கப்பிள்ளை என்னிடமும் பதினெட்டு வருடம் விலகாமல்தான் இருந்தார். அதற்கு நான் கொடுத்த விலையை மேலே எழுதிவிட்டேன்.

இப்போது என்னிடம் ஏ.ஏ.டீ. முடித்த ஒரு பிள்ளை வேலை செய்கிறார். மருமகன் போன பிறகு அவரிடம் பேசி ஓர் ஒழுங்கு செய்தோம். தொழிற்சட்டம், வரி சம்பந்தமான வகுப்புக்குப் போனால் கட்டணம் கடையுடையது, அன்றைய நாள் லீவாகக் கழிக்கப்படாது. வருடத்துக்கு 24 மணித்தியாலம் என்ற கணக்கை அமெரிக்காவிடமிருந்தே எடுத்துக்கொண்டோம். போன வகுப்புகளை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வருகிறார். எனக்கு இதில் முழுத் திருப்தி இல்லை. வெளியார் ஒருவர் பரீட்சித்துப் பார்க்காத வரை அது கொப்பிதானே, சான்றிதழ் இல்லையே. ஆனாலும் ஜனவரிச் சம்பளத்துக்கு முன்னரே அவர் என்னிடம் வந்தார்.

"முதலாளி, மூணு பேர்ட சம்பளம் 28,000ல இருக்கு. இந்த மாசத்துல இருந்து 30,000க்குக் குறைய எழுத ஏலாது."

ஆளுக்கு 2,000 ரூபா, அதற்குரிய சேமலாப நிதி 240, நம்பிக்கை நிதி 60. மூன்று பேருக்கும் மாதத்துக்கு 6,900 ரூபா கூடுதலாகப் போகிறது. பட்டியலைத் திருத்திக் கொண்டு வரச் சொன்னேன். கொண்டு வந்தபோது அவருடைய சொந்தப் பெயருக்கு நேரே இருந்த தொகை பழையபடியே இருந்தது. அதையும் வெட்டிவிட்டுக் கூட்டி எழுதச் சொல்லிக் கையெழுத்து வைத்தேன்.