உஷார்! 'விண்டோஸ் + ஆர்' அழுத்தச் சொல்கிறதா? கையை எடுங்கள்!

'நான் ரோபோ அல்ல' என்ற கட்டத்தில் டிக் அடிக்கச் சொல்லும் இணையப் பக்கங்கள் நமக்குப் பழகிப்போனவை. பஸ் எது, டிராஃபிக் லைட் எது என்று படம் போட்டுக் கேட்பார்கள். நாமும் அலுத்துக்கொண்டே காட்டிக்கொடுப்போம். இப்போது அச்சு அசலாக அதே வேஷத்தில் வேறொன்று உலவுகிறது. டிக் அடித்ததும் சின்னப் பெட்டி ஒன்று விரியும். "சரிபார்ப்பை முடிக்க: விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் சேர்த்து அழுத்தவும். அடுத்து கன்ட்ரோல் வி. பிறகு என்டர்."

தட்டினீர்களா? போச்சு!

கிளிக்ஃபிக்ஸ் என்று இந்த மோசடிக்குப் பெயர். 2024-லிருந்து உலகெங்கும் ஆட்டம் போடுகிறது. விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தினால் திறக்கும் 'ரன்' பெட்டி, விண்டோஸ் 95 காலத்துச் சரக்கு. மவுஸைத் தொடாமல் வேலை பார்ப்பவர்களின் செல்லப்பிள்ளை. 'கால்க்' என்று அடித்தால் கால்குலேட்டர் வரும், 'நோட்பேட்' என்றால் நோட்பேட். ஆனால் அதே பெட்டியில் பவர்ஷெல்லையும் கூப்பிடலாம். அலுவலகங்களில் சிஸ்டம் அட்மின்கள் ஏகப்பட்ட கம்ப்யூட்டர்களை உட்கார்ந்த இடத்திலிருந்தே பராமரிக்கும் கருவி அது. 'இந்த முகவரிக்குப் போ, அங்கிருக்கும் ஸ்கிரிப்டை இறக்கு, திரையில் எதையும் காட்டாமல் ஓட்டு' என்று ஒற்றை வரியில் அதற்கு உத்தரவு போட்டுவிட முடியும். நீங்கள் ஒட்டுவது அந்த ஒற்றை வரியைத்தான்.

'நான் எதையுமே காப்பி பண்ணவில்லையே?' நீங்கள் பண்ணவில்லை, பக்கம் பண்ணிவிட்டது. டிக் அடிக்க நீங்கள் கிளிக் செய்த நொடியிலேயே, அந்தப் பக்கத்தின் ஸ்கிரிப்ட் உத்தரவை உங்கள் கிளிப்போர்டில் ஏற்றிவிடும். அடுத்ததுதான் உச்சகட்ட வில்லத்தனம். ரன் பெட்டி குறுகலானது. நீளமான வரியை ஒட்டினால் அதன் வால் மட்டுமே தெரியும். அந்த வாலில் 'நான் ரோபோ அல்ல, சரிபார்ப்பு எண் இன்னது' என்று எழுதிவைத்திருப்பார்கள். அதைப் படித்துவிட்டு, நிம்மதியாக என்டர் தட்டுகிறார் மனிதர். தலைப்பகுதியில் இருக்கும் பவர்ஷெல் அவர் கண்ணிலேயே படுவதில்லை.

ஆன்டிவைரஸ் பிடிக்காதா? சில சமயம் பிடிக்கும். நம்பி உட்கார முடியாது. பிரவுசர் வழியாக ஒரு ஃபைல் இறங்கினால் விண்டோஸ் அதில் அடையாளம் போட்டுவைத்து, திறக்கும்போது எச்சரிக்கும். இங்கே பிரவுசர் எதையுமே இறக்கவில்லை. வீட்டுக்காரரே தோளில் கைபோட்டு அழைத்து வருபவனை வாட்ச்மேன் எப்படித் தடுப்பார்?

உள்ளே வருவது பெரும்பாலும் தகவல் திருடும் மென்பொருள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், கிரிப்டோ வாலட், எல்லாவற்றுக்கும் மேலாக குக்கீகள். ஜிமெயிலில் நீங்கள் ஏற்கெனவே உள்ளே நுழைந்திருக்கிறீர்கள் என்பதற்கான அத்தாட்சி அந்தக் குக்கீதான். அது பறிபோனால் திருடனிடம் யாரும் ஓடிபி கேட்கப் போவதில்லை. இப்படிப் பரவியவற்றில் பேர்போனது லும்மா. 2025 மார்ச் நடுவிலிருந்து மே நடுவரை, இரண்டே மாதத்தில், 3,94,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் அது புகுந்திருந்ததாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. நீதிமன்ற உத்தரவோடு அதன் சுமார் 2,300 இணைய முகவரிகளை முடக்கினார்கள். சில வாரங்களில் மறுபடி தலைதூக்கிவிட்டது.

ஹோட்டல் ரிசப்ஷனில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வலை. புக்கிங் டாட் காம் அனுப்பியதுபோல, 'விருந்தினர் ஒருவர் புகார் எழுதியிருக்கிறார்' என்று மெயில் வரும். பதறிப்போய்த் திறந்தால் போலி ரோபோ பரிசோதனை, அதே மூன்று கட்டளைகள். 2025 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் இதைப் பற்றி எச்சரித்தபோது, குறிவைக்கப்பட்ட பகுதிகளில் தெற்காசியாவும் இருந்தது. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் ஆன்லைன் புக்கிங் பார்ப்பவர்கள் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

விண்டோஸ், ஆஃபீஸை இலவசமாக ஆக்டிவேட் செய்யச் சொல்லித்தருவதாக டிக்டாக் வீடியோக்களிலும் இதே வித்தை அரங்கேறியது. டிக்டாக் இங்கே 2020-லேயே தடையாகிவிட்டது, சரி. 'ஃப்ரீ ஆக்டிவேஷன்' ஆசைக்கு யார் தடை போட்டார்கள்?

மேக் வைத்திருப்பவர்கள் சிரிக்க வேண்டாம். உங்களிடம் கமாண்ட், ஸ்பேஸ் இரண்டையும் அழுத்தி ஸ்பாட்லைட்டில் டெர்மினலைத் திறந்து ஒட்டச் சொல்வார்கள். அட்டாமிக் ஸ்டீலர் என்ற தகவல் திருடும் மென்பொருள் அப்படியும் நுழைகிறது. ரன் பெட்டியே வேண்டாம் என்று, ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் ஒட்டச் சொல்லும் ஃபைல்ஃபிக்ஸ் என்ற ரகமும் 2025-ல் வந்தாயிற்று.

உண்மையான ரோபோ பரிசோதனை எதுவும் பிரவுசரைத் தாண்டி வெளியே வராது. கீபோர்டில் எதையாவது திறந்து ஒட்டச் சொன்னால் அந்த நொடியே டேபை மூடுங்கள். கம்பெனி நடத்துபவர்கள், அக்கவுண்ட்ஸ், ரிசப்ஷன் கம்ப்யூட்டர்களில் குரூப் பாலிசி மூலம் ரன் பெட்டியையே எடுத்துவிடச் சொல்லலாம். அங்கே அதற்கு என்ன வேலை?

ஏற்கெனவே தட்டிவிட்டீர்களா? முதலில் நெட்டைத் துண்டியுங்கள். பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். அதே கம்ப்யூட்டரில் மாற்றினால் புதியதும் திருடனுக்கே போகும். 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதையும் மறக்காமல் கொடுங்கள், திருடிய குக்கீ செல்லாமல் போக அதுதான் வழி. விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுவது உத்தமம். ஆனால் அதற்கு முன் ரன் பெட்டியின் ஓரத்து அம்புக்குறியைத் தட்டிப் பாருங்கள். ஒட்டிய வரி பெரும்பாலும் அங்கே பதிவாகியிருக்கும். என்டர் தட்டாமல் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பணம் போயிருந்தால் வங்கிக்கும் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் உடனே பேசுங்கள்; புகாரோடு அந்தப் படத்தையும் கொடுக்கலாம்.