விதைப் பாக்கெட்டைக் கிழித்தெறியாதீர்கள்

ஆடி பிறந்துவிட்டால் விதைக் கடைகளில் கூட்டம்தான். வயலுக்கு வாங்க வந்தவர்களோடு மாடித்தோட்டக்காரர்களும் நிற்கிறார்கள். பத்து கிராம் வெண்டை, ஒரு பாக்கெட் கத்தரி, கொஞ்சம் கொத்தவரை. முப்பது நாற்பது ரூபாய் சமாச்சாரம் என்பதால் யாரும் பில் கேட்பதில்லை. வீட்டுக்கு வந்ததும் பாக்கெட்டைக் கிழித்து விதையை ஊன்றிவிட்டு, உறையைக் குப்பையில் போட்டுவிடுகிறோம். இருபது நாளாகியும் தொட்டியில் ஒன்றும் தலைகாட்டவில்லை என்றால் "நம்ம கைராசி அவ்வளவுதான்" என்று நம்மையே நொந்துகொள்கிறோம். பல வீடுகளில் தோட்ட ஆசை முதல் பட்டத்தோடு முடிந்துபோவது இப்படித்தான். குறை கையில் இல்லாமல் விதையில் இருக்கலாம். அதைத் தட்டிக் கேட்கும் உரிமை ஐந்து ஏக்கர் விவசாயிக்கு எவ்வளவு உண்டோ, ஐந்து தொட்டி வைத்திருப்பவருக்கும் அவ்வளவு உண்டு.

பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். பயிர், ரகம், குவியல் எண், முளைப்புத்திறன், புறத்தூய்மை, பரிசோதனை செய்த நாள், எதுவரை விதைக்கலாம் என்ற நாள், விற்பவரின் முகவரி எல்லாம் அங்கே இருக்க வேண்டும். 1966ஆம் ஆண்டு விதைச் சட்டமும் அதன் விதிகளும் கேட்பது இதைத்தான். முளைப்புத்திறனுக்குக் குறைந்தபட்ச அளவும் வகுத்திருக்கிறார்கள்: தக்காளிக்கும் கத்தரிக்கும் நூற்றுக்கு 70, வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60. சான்று பெற்ற விதையில் நீல அட்டை இருக்கும். பச்சை அட்டை என்றால் உண்மைநிலை விதை. அதன் தரத்துக்கு உற்பத்தியாளரே பொறுப்பு. சில பாக்கெட்டுகளில் விதை ரோஸ் நிறத்தில் இருக்கும். அது பூஞ்சாணக் கொல்லி பூசிய விதை. குழந்தைகள் கையில் கொடுத்து ஊன்றச் சொல்லக் கூடாது; மிச்சமானதைக் கோழிக்கோ புறாவுக்கோ போடவும் கூடாது.

விதை விற்க உரிமம் வேண்டும். இருப்பையும் விலையையும் கடையில் எழுதி வைக்க வேண்டும். வாங்குபவருக்கு ரசீது கொடுக்க வேண்டும். 1983ஆம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணை இதையெல்லாம் கடைக்காரரின் கடமையாக வைத்திருக்கிறது. ஆகவே நாற்பது ரூபாய்க்கு பில் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். பில்லையும் காலி உறையையும் அறுவடை முடியும்வரை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். விதைக்கும் முன் இருபது விதையை எண்ணி ஈரத்துணியில் மடித்து வைத்து, ஒரு வாரம் பத்து நாளில் எத்தனை முளைக்கிறது என்று பாருங்கள். இருபதில் ஐந்தோ ஆறோதான் முளைத்தது என்றால் தேதி தெரியும்படி படமெடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கடைக்காரரிடம் சொல்லுங்கள். அவர் கையை விரித்தால் மாவட்டத்தில் உள்ள விதை ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். மிச்ச விதை இருந்தால் அரசு விதைப் பரிசோதனை நிலையத்தில் கட்டணம் கட்டி நாமே சோதிக்கக் கொடுக்கலாம். விதை மிச்சமில்லை என்றாலும் வழக்கு செத்துவிடாது. தேசிய விதைக் கழகம் தொடர்பான வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம் விவசாயியும் நுகர்வோர்தான் என்று தீர்ப்பளித்தது. வாங்கிய விதை முழுவதையும் விதைத்துவிட்டவர் சோதனைக்கு மாதிரி எடுத்து வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்பதையும் ஏற்றுக்கொண்டது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. குடியிருக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை. வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. 2 ஆண்டுக்குள் போக வேண்டும், அவ்வளவுதான். இணையத்தில் வாங்கியிருந்தால், புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டியது அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் பொறுப்பு.

நாற்பது ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலா என்று தோன்றலாம். உங்கள் பாக்கெட்டில் இருக்கும் அதே குவியல் எண் ஒரு சிறு விவசாயியின் கையிலும் இருக்கும். அவருக்கு அது முக்கால் ஏக்கர். ஒரு பட்டம் போனால் கடன். நீங்கள் முதலில் கொடுத்த புகாரால் ஆய்வாளர் கடைக்குப் போய் மாதிரி எடுத்தால், அந்தக் குவியலின் விற்பனையே நிற்க வாய்ப்பு உண்டு. இதற்காகவாவது புகார் கொடுங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

விளைவித்தவரிடமே நேராக வாங்கும் நாட்டு விதைகளின் கணக்கு வேறு. தான் விளைவித்த விதையைத் தன் இடத்திலேயே, விதைப்பதற்காக நேரடியாகக் கொடுப்பவருக்கு விதைச் சட்டம் பொருந்தாது. அங்கே கொடுப்பவரிடம் எந்த வருஷத்து விதை என்று கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் பாதுகாப்பு.

ஐப்பசி கார்த்திகையில் செடிக்கு நாம் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, வானம் பார்த்துக்கொள்ளும். ஆனால் மழை விட்ட காலையில் தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டைத் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் நின்ற கோட்டுக்குச் சற்று மேலே பொடிப் பொடியாய்க் கறுப்புப் புள்ளிகள் ஒட்டியிருந்தால், அவை டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டைகளாக இருக்கலாம். தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது. அந்த முட்டைகள் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, மறுபடி நனைந்ததும் பொரிக்கக் கூடியவை. நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும் என்பதால், வாரம் ஒரு முறை கழுவினால் அந்தச் சுற்று அறுந்துவிடும். தேங்காய்ச் சிரட்டை, உடைந்த பூவாளி, தென்னை நார்க்கழிவு வைத்திருந்த வாளி எதையும் விட வேண்டாம். கொசு உற்பத்தியாகும்படி விட்ட வீட்டுக்காரருக்கு உள்ளாட்சி நோட்டீஸ் கொடுக்க 1939ஆம் ஆண்டு பொதுச் சுகாதாரச் சட்டம் இடம் தருகிறது. பக்கத்து வீட்டு மாடியில் தண்ணீர் தேங்கிக் கிடந்தால் அதே சட்டத்தைச் சொல்லி நீங்களும் புகார் கொடுக்கலாம்.

தை மாதம் வெயில் ஏறும்போது அசுவினியும் மாவுப்பூச்சியும் வந்துவிடும். இந்த இடத்தில்தான் எனக்குப் பயம் அதிகம். தெரிந்த கடைக்காரர், கொஞ்சம்தானே வேண்டும் என்று, குளிர்பான பாட்டிலில் பூச்சிக்கொல்லியை ஊற்றிக் கொடுக்கிறார். அது சமையலறை அலமாரியிலோ மாடிப்படிக்கு அடியிலோ போய் உட்கார்கிறது. குழந்தையின் கண்ணுக்கு அது குளிர்பானமேதான். பூச்சிக்கொல்லியைச் சில்லறையாகப் பிரித்து விற்பது 1968ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்துக்கே விரோதம். சீல் வைத்த பாட்டிலில், காலாவதி நாளோடு, விஷமுறிவு விவரம் சொல்லும் துண்டுத்தாளோடுதான் அது வர வேண்டும். லேபிளில் ஒரு சாய்சதுரம் இருக்கும். அதன் கீழ்ப்பாதி நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் கொடிய விஷம், மண்டையோடும் இருக்கும். மஞ்சள் அதற்கு அடுத்தது, பிறகு நீலம், கடைசியில் பச்சை. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் வீட்டுத் தோட்டத்தில் வேலையே இல்லை. மோனோகுரோட்டோபாஸ் காய்கறிக்கு அடிக்க 2005இலேயே தடை வந்துவிட்டது; யாராவது கத்தரிக்கு அதைச் சிபாரிசு செய்தால் வேறு கடை பாருங்கள். புல்லை ஒழிக்கவென்று பாராகுவாட்டை வாங்கி வைக்கவே வைக்காதீர்கள். அதற்கு முறிமருந்து கிடையாது. பத்து தொட்டிக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் துளி சோப்புக் கரைசலும் சாயங்கால வேளையில் அடித்தால் போதும்.

யாராவது தவறிக் குடித்துவிட்டால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள். மேலே பட்டிருந்தால் உடையைக் களைந்து சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பாட்டிலை லேபிளோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். எந்த விஷம் என்று தெரிந்தால்தான் டாக்டர் உடனே சரியான சிகிச்சையைத் தொடங்க முடியும். டெல்லி எய்ம்ஸின் விஷத் தகவல் மையம் 1800 116 117 என்ற இலவச எண்ணில் வழிகாட்டுகிறது.

சித்திரையில் புல்தரை ஆசை வரும். மொட்டை மாடியில் பச்சைப் பசேலென்று புல் விரித்தால் கீழே வீடு குளுகுளுவென்று இருக்கும் என்று சொல்லி ஆர்டர் எடுக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆட்கள் நடமாடும் தட்டை மாடிக்கு இந்தியத் தரநிர்ணயம் ஐஎஸ் 875 வைத்திருக்கும் சுமை, சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. சதுர அடிக்கு 14 கிலோ வருகிறது. ஒரு கன அடி ஈர மண் ஏறக்குறைய 50 கிலோ. அரையடி மண் பரப்பினாலே சதுர அடிக்கு 25 கிலோ. அதற்கு மேல் ஆட்களும் நடப்பார்கள். கட்டடப் பொறியாளர் பார்த்துச் சொல்லாமல் மாடியில் புல்தரை போடவே வேண்டாம். பைகளில் வளர்ப்பவர்கள் மண்ணைக் குறைத்து நார்க்கழிவைக் கூட்டுங்கள். பைகளை நடுவில் குவிக்காமல் சுவரோரமாகவும் பீமுக்கு மேலாகவும் ஸ்டாண்டில் வையுங்கள். அடியில் காற்றுப் போனால்தான் தட்டோடு ஊறாது.

அடுக்குமாடி என்றால், பத்திரத்தில் தனியாக எழுதிக் கொடுத்திருந்தாலொழிய, மொட்டை மாடி கடைசி தளத்துக்காரருக்கு மட்டும் சொந்தமில்லை. முதல் தொட்டியை ஏற்றும் முன் சங்கத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கசிவு வந்தால் யார் செலவு என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.