குற்றம் தட்டிலா, டிரைவிலா?

குடும்பத்துத் திருமணப் படங்கள் பதிவான குறுந்தட்டைக் கணிப்பொறியில் இடுகிறீர்கள். தட்டு சுழல்கிறது, நிற்கிறது, மீண்டும் சுழல்கிறது. கடைசியில் தட்டே இல்லை என்கிறது திரை! உடனே அதைக் குப்பையில் எறிந்துவிடாதீர்கள். குற்றம் தட்டில் இல்லாமல், அதைப் படிக்கும் டிரைவில் இருக்கலாம்.

டிரைவ் எவ்வாறு படிக்கிறது?

1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தட்டின் விட்டம் 12 செ.மீ. அதில் செய்திகள் சுருள் வடிவப் பாதையில் பதிந்துள்ளன. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் உள்ள இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர்தான். அதாவது, ஒரு மில்லிமீட்டருக்குள் 600க்கும் மேற்பட்ட சுற்றுகள்! ஆலையில் அச்சான தட்டில் நுண்ணிய குழிகளும், நாமே பதிவு செய்யும் தட்டில் லேசரால் மாற்றமடைந்த சாயப் புள்ளிகளும் இருக்கின்றன. டிரைவிலுள்ள லேசர் கதிரை ஒரு சிறு லென்சு இப்பாதையின்மேல் குவிக்கிறது. சமதளத்திலிருந்து ஒளி பிரகாசமாகவும், குழியிலிருந்து மங்கலாகவும் திரும்புகிறது. இந்த வேறுபாட்டை ஓர் ஒளியுணர்வி மின் குறிப்புகளாக மாற்றுகிறது.

லென்சில் தூசி படிந்தாலோ, நாளடைவில் லேசர் டையோடு வலுவிழந்தாலோ திரும்பும் ஒளி குறைந்துவிடும். அப்போது டிரைவ் தடுமாறுகிறது.

கண்டறிவது எப்படி?

சி.டி.க்கு 780 நானோமீட்டர் லேசரும், டி.வி.டி.க்கு 650 நானோமீட்டர் லேசரும் தேவை. எனவே ஒரே டிரைவில் இருவகைத் தட்டுகளையும் பலமுறை இட்டுப் பாருங்கள். டி.வி.டி.கள் ஓடி, நல்ல சி.டி.கள் எல்லாமே ஓடவில்லையெனில் டிரைவின்மீதே ஐயம் கொள்ளலாம். ஒரே ஒரு தட்டு மட்டும் எந்தக் கணிப்பொறியிலும் ஓடவில்லையெனில் குற்றம் தட்டில்தான்.

மாற்றும் முறை

முதலில் மின் இணைப்பை அடியோடு நீக்குங்கள். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, உள்ளே உள்ள வெற்று உலோகச் சட்டத்தைத் தொடுங்கள். உடலில் சேர்ந்த நிலைமின்சாரம் வெளியேறிவிடும். டிரைவின் பின்புறத்தில் 2 கேபிள்கள் இருக்கும். சாட்டா வகையாயின் செய்திக்கு 7 தொடுமுனைகள், மின்சாரத்திற்கு 15 தொடுமுனைகள். பழைய கணிப்பொறியில் 40 முனைகள் கொண்ட பட்டைக் கேபிள் இருக்கும். இவ்வேறுபாட்டைப் பார்த்த பிறகே புதிய டிரைவை வாங்குங்கள்.

கம்பியை இழுக்காமல் இணைப்பின் தலையைப் பிடித்துக் கழற்றுங்கள். பக்கவாட்டுத் திருகாணிகளை நீக்கி டிரைவை முன்புறமாக உருவுங்கள். புதியதை அவ்வழியே செருகி, முகப்பு சமமாக நிற்கும்படி திருகாணிகளை இறுக்குங்கள். சாட்டா இணைப்பு ஒரு திசையில் மட்டுமே பொருந்தும். வலிந்து திணிக்கக் கூடாது. டிரைவைப் பிரித்து லேசரை ஒருபோதும் உற்று நோக்காதீர்கள். அது கண்ணுக்குத் தீங்கு.

புதிய கணிப்பொறியில் டிரைவுக்கு இடமே இல்லையா? யு.எஸ்.பி. வழி இணைக்கும் வெளி டிரைவ் போதும்.

முடிவாக ஒன்று. நாமே பதிவு செய்த தட்டின் சாயம் வெப்பத்தாலும் ஒளியாலும் மங்கக்கூடியது. ஆகவே, புதிய டிரைவ் வந்ததும் முதல் வேலையாகப் படங்களை 2 இடங்களில் படியெடுத்து வையுங்கள். டிரைவை எப்போதும் மாற்றலாம். தொலைந்த படங்களை மாற்ற முடியுமா?