உபதேச வாதமும் ஒரு மோதிரமும்

உபதேச வாதம் வந்தால் உறவு முறியத்தான் வேண்டுமா?

இரட்சிக்கப்படுவோரைக் கடவுள் முன்னரே குறித்துவிட்டாரா, கிருபை எல்லாருக்குமா? இங்கிலாந்தில் இணைந்து ஊழியம் செய்த ஜான் வெஸ்லியையும் ஜார்ஜ் விட்ஃபீல்டையும் இக்கேள்வி பிரித்தது. கிருபை எல்லாருக்குமே என்று வெஸ்லி 1739-இல் பிரசங்கத்தை அச்சிட்டார். மறு ஆண்டே விட்ஃபீல்ட் மறுப்பு எழுதினார், அதுவும் அச்சேறியது. அச்சேறிய வாதம் எளிதில் ஆறாது, இயக்கமே இரண்டானது.

பின்னர் இருவரும் நண்பர்களானார்கள். ஆனால், யாரும் தம் உபதேசத்தை மாற்றிக்கொள்ளவில்லை! சாந்தம் வேறு, விட்டுக்கொடுத்தல் வேறு.

1770-இல் அமெரிக்காவில் விட்ஃபீல்ட் மறைந்தார். அவர் விருப்பப்படியே லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லி. வெஸ்லி சகோதரர்களுக்கு அக்கால வழக்கப்படி துக்க மோதிரம் தருமாறு உயிலில் எழுதியிருந்தார் விட்ஃபீல்ட். உபதேசத்தில் வேறுபாடு உண்டு என்பதையும் அதே வரியில் மறைக்காமல் குறித்திருந்தார்.